பெயரா, இடமா, உருபா: எங்கள் குட்டி மொழிக்கு எதைத் தேர்ந்தெடுத்தோம்

சனிக்கிழமை காலைகளில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில், இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றிலும் இரண்டிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம். நான், செந்தூலிலிருந்து வரும் அண்ணன் ஒருவர், தமிழ்ப்பள்ளியில் கணிதம் எடுக்கும் அக்கா ஒருவர், மூன்று பேர்தான். பிள்ளைகளுக்காகத் தமிழிலேயே எழுதும் சின்ன நிரல் மொழி ஒன்றையும் கூடவே செய்துகொண்டு வருகிறோம். எழில் என்ற தமிழ் நிரல் மொழி ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கிறார்கள். எழிலைப் பார்த்துத்தான் எங்களுக்கே தைரியம் வந்தது. முத்து அண்ணாமலை செய்த அந்த மொழியில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' என்ற சொல் பின்னால் வரும், நாம் பேசுகிற வரிசை அப்படியே இருக்கும். எங்களுக்கு அதோடு இன்னொன்றும் வேண்டியிருந்தது: ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்து, வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டு) என்ன செய்ய வேண்டும் என்பதை, அதை எழுதுகிற இடத்திலேயே, ஓட்டிப் பார்க்கக்கூடிய வடிவில் பிள்ளைகளை எழுத வைக்க வேண்டும்.

இரண்டு முடிவுகள் பாக்கி இருந்தன. ஃபங்ஷனுக்கு மதிப்புகளை எப்படிக் கொடுப்பது, ஃபங்ஷனின் வரையறையை எப்படிச் சோதிப்பது. முதல் கேள்வியை ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தோம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருந்தன, ஏன் என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு பழைய சம்பவம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் துணிக்கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதினோம். அதில் கழிவை, அதாவது தள்ளுபடியை, கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. எங்கள் மொழியில் எழுதினால் இப்படி வரும்:

    செயல் கழிவுத்தொகை(விலை, விழுக்காடு)
        தா விலை * விழுக்காடு / 100
    முடி

ஒரு திரையிலிருந்து இதை அழைத்தவர் வரிசையை மாற்றி எழுதிவிட்டார். 240 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள புடவைக்குப் பத்து விழுக்காடு கழிவு என்றால் கழிவுத்தொகை(10, 240) என்று போகும். விடை 24. அது சரியான விடை! 240இல் பத்து விழுக்காடும் 24, பத்தில் 240 விழுக்காடும் 24. பெருக்கல்தானே, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். ஓராண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. ஃபங்ஷனை ஓட்டி விடையைச் சரிபார்க்கும் டெஸ்ட் இருந்தது, ஒழுங்காக எழுதிய டெஸ்ட்தான், எல்லாம் பச்சை, எல்லாம் தேறியது. பிறகு ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரு பாதுகாப்பு வரி சேர்த்தார்: விழுக்காடு 100ஐத் தாண்டினால் பிழை என்று நிறுத்து. தீபாவளிக்கு முந்தைய வாரம் அது கடைக்குப் போனது. துண்டும் பாவாடையும் பில் ஆகின, 100 வெள்ளிக்கு மேற்பட்ட புடவை ஒன்றுகூட ஆகவில்லை. கடைக்காரர் போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "தம்பி, மலிவு சாமான் எல்லாம் போகுது, விலை கூடுனா மட்டும் மாட்டேங்குது." பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

அந்த ஃபங்ஷனில் தப்பே இல்லை. எத்தனை டெஸ்ட் எழுதியிருந்தாலும் ஃபங்ஷன் தேறியிருக்கும், ஏனென்றால் தப்பு இருந்தது அதை அழைத்த இடத்தில். ஃபங்ஷனுக்கு எழுதும் டெஸ்ட் ஃபங்ஷனின் உள்ளேதான் பார்க்கும், அழைக்கிற இடத்தைக் காப்பாற்ற வேண்டியது பாராமீட்டரின், அதாவது ஃபங்ஷன் வாங்கிக்கொள்ளும் மதிப்பின், வடிவம். சரி, அப்படியானால் எந்த வடிவம்?

இடத்தை வைத்துக் கொடுப்பதுதான் எல்லாருக்கும் பழகியது. முதலாவது இது, இரண்டாவது அது. எழுதுவது சுருக்கம், மொழியைச் செய்கிறவருக்கும் வேலை குறைவு. ஆனால் வரிசை மனப்பாடம் ஆகிவிடுகிறது, மனப்பாடம் தவறும். சி மொழியில் மெம்செட் என்ற ஃபங்ஷன் நினைவகத்தில் ஒரு மதிப்பை நிரப்பும். எந்த இடம், என்ன மதிப்பு, எத்தனை பைட் என்பது வரிசை. கடைசி இரண்டும் எண்கள்தான். மாற்றிப் போட்டு, மதிப்புக்கு 100ம் அளவுக்கு 0வும் கொடுத்தால் பூஜ்யம் பைட் நிரப்பிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வரும். பிஎச்பி மொழியில் இன்னொரு தொல்லை: ஒரு சரத்துக்குள், அதாவது எழுத்துத் தொடருக்குள், தேடும் ஸ்ட்ர்பாஸுக்கு எதில் தேடுவது என்பதை முதலில் கொடுக்க வேண்டும், பட்டியலுக்குள் தேடும் இன்_அரேவுக்கு எதைத் தேடுவது என்பதை முதலில் கொடுக்க வேண்டும். வருடக்கணக்கில் பிஎச்பி எழுதியவர்களும் இதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். ஒரே ஒரு பாராமீட்டர் இருக்கும்போதும், பெரியதைக் கண்டுபிடிப்பது மாதிரி வரிசை எதுவானாலும் கவலையில்லாதபோதும் இடமே போதும். அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெயர் சொல்லிக் கொடுப்பது அடுத்த வழி. இது புதிதே இல்லை. ஸ்மால்டாக்கில் ஃபங்ஷனின் பெயரே துண்டு துண்டாகப் பிரிந்து ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் நிற்கும், அங்கிருந்து அப்ஜெக்டிவ் சிக்கு வந்து, பிறகு ஸ்விஃப்டுக்கு வந்தது. 1983இன் ஏடாவிலேயே பெயர் சொல்லி அழைக்கலாம். பைத்தான் 2008இல் 3.0 வெளிவந்தபோது, இந்தப் பாராமீட்டரைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று ஃபங்ஷன் எழுதுகிறவர் கட்டாயப்படுத்த ஒரு நட்சத்திரக் குறியைக் கொடுத்தது. 2019இல் 3.8 அதற்கு நேர் எதிரானதை, இடத்தை வைத்து மட்டுமே கொடுக்க முடியும் என்று சொல்லும் சாய்கோட்டைக் கொடுத்தது. எதற்கு எதிரானதும் வேண்டியிருந்தது? பெயரைச் சொல்லி அழைக்கலாம் என்றதும் அந்தப் பெயர் வெளியாருக்குக் கொடுத்த வாக்கு ஆகிவிடுகிறது. உள்ளே 'அ' என்று வைத்திருந்ததை நாளைக்கு 'விலை' என்று அழகாக மாற்றினால், அதை 'அ' என்று அழைத்த எல்லாரின் நிரலும் உடையும். பிஎச்பி 2020இல் 8.0இல் இந்த வசதியைக் கொண்டுவந்ததும் அங்கேயும் இதே நிலைமைதான்.

ஸ்விஃப்ட் இதற்கு எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பாராமீட்டருக்கு இரண்டு பெயர் வைத்துக்கொள்ளலாம், அழைப்பவருக்கு ஒன்று, உள்ளே வேலை செய்ய ஒன்று. வெளிப்பெயர் வாக்கியம் மாதிரி ஓடும், உள்பெயர் வெறும் பெயர்ச்சொல்லாக இருக்கும். முதல் பாராமீட்டருக்கு மட்டும் பெயர் வேண்டாம் என்ற பழைய விலக்கையும் 2016இல் ஸ்விஃப்ட் 3இல் எடுத்துவிட்டார்கள். விலக்கு குறைந்தால் பிள்ளைகளுக்கு விளக்குவதும் குறையும், சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் இது பெரிய விஷயம்.

எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது மூன்றாவது. ஜாவாஸ்கிரிப்டில் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். பெயர் இருக்கிறது, வரிசை பிரச்சினை இல்லை, ஆனால் ஒரு பெயரில் எழுத்துப் பிழை விட்டால் வெறும் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றுமே சொல்லாது, அந்த மதிப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு ஓடும். தமிழில் ல, ள, ழ மாறி எழுதும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

நான்காவதுதான் எங்களை ஒரு மாதம் பிடித்து வைத்திருந்தது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறிய 2003இல் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தவன் நான், கழித்தலை நான் தமிழில் படிக்கவில்லை, அதனால் இது எனக்குத் தோன்றவும் இல்லை. அக்காதான் சொன்னார். "வகுப்புல '100இலிருந்து 30ஐக் கழி'ன்னு சொல்லுவேன், '30ஐ 100இலிருந்து கழி'ன்னும் சொல்லுவேன், ஒரு பிள்ளையும் குழம்பாது. நீங்க கழி(100, 30)னு எழுதுறப்பதான் எது எதிலேர்ந்துன்னு கேக்குறாங்க." கேட்டதும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெயர் சொல்லிக் கொடுப்பது என்று மற்ற மொழிகள் சுற்றி வளைத்துச் செய்வதை வேற்றுமை உருபு நமக்குப் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறது. வரிசை எதுவானாலும் ஐ வந்தது செயப்படுபொருள், கு வந்தது போய்ச் சேருமிடம், இலிருந்து வந்தது புறப்பட்ட இடம். லத்தீனை வைத்து இதை ஒருவர் செய்தும் பார்த்திருக்கிறார். டேமியன் கான்வே 2000இல் பெர்ல் நிரல் மொழியை லத்தீன் விகுதிகளோடு எழுத ஒரு மாட்யூல் செய்தார், அதில் சொல்லின் வேலையைச் சொல்வது விகுதிதான், நிற்கும் இடம் இல்லை.

அப்புறம் ஏன் அதையே எடுத்துக்கொள்ளவில்லை? எண்ணோடு இருக்கும்வரை எல்லாம் அழகு: 20ஐ 4ஆல் வகு. மாறி, அதாவது மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர், வந்ததும் புணர்ச்சி வந்துவிடுகிறது. பணம் பணத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும், காசு காசை ஆகும். நிரலைப் படித்துக் கணினிக்குப் புரிய வைக்கும் மொழிபெயர்ப்பி 'பணத்தை' என்பதைப் பார்த்துப் 'பணம்' என்ற மாறியைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் எப்போதும், தவறாமல். அண்ணன் ஒரு வாரம் உட்கார்ந்து விதிகள் எழுதினார், பாதிக்கு மேல் வேலை செய்தது. பிறகு ஒரு பிள்ளை வேலை நேரக் கணக்கில் 'காலை' என்று ஒரு மாறியும், கால் பங்குக்குக் 'கால்' என்று ஒரு மாறியும் வைத்தது. காலை என்றால் காலைப்பொழுதா, கால் என்பதோடு ஐயா? யூனிகோடில் பார்த்தாலும் உதவி இல்லை. ஐ அங்கே தனி எழுத்தாக நிற்பதில்லை, புள்ளி போய் அந்த இடத்தில் ஐகாரக் குறி ஏறிக்கொள்கிறது, இரண்டு சொல்லும் கடைசிக் குறிவரை ஒன்றுதான். மனிதன் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வான். மொழிபெயர்ப்பி ஊகிக்க ஆரம்பித்தால் பிள்ளை அதை நம்ப முடியாது, நான் இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. அச்சில் 100-ஐ என்று போடுகிற மாதிரி இணைப்புக்கோடு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது கழித்தல் குறியோடு மோதுகிறது, அதைக்கூடச் சமாளிக்கலாம், ஆனால் அக்கா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "பிள்ளைங்க 'பணம்-ஐ'ன்னு எழுதிப் பழகிட்டா மொழிப் பாடத்துல நான் என்ன பதில் சொல்றது?"

உருபை விட்டோம், அதன் பின்னால் இருந்த யோசனையை விடவில்லை. இலக்கண வகுப்பில் செயப்படுபொருளைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? எதை, யாரை என்று வினையைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியையே வெளிப்பெயராக வைத்தோம், உள்ளே சாதாரணப் பெயர்ச்சொல்:

    செயல் கழி(எதிலிருந்து மொத்தம், எதை பகுதி)
        தா மொத்தம் - பகுதி
    எடுத்துக்காட்டு
        கழி(எதிலிருந்து: 100, எதை: 30) = 70
        கழி(எதை: 30, எதிலிருந்து: 100) = 70
    முடி

வரிசை எப்படி வேண்டுமானாலும் வரலாம். மாறியின் பெயரில் கை வைக்கத் தேவையில்லை, புணர்ச்சி இல்லை. 'எதற்கு' என்பதை மட்டும் தனியாக வைக்க விடுவதில்லை, அது 'ஏன்' என்றும் பொருள்படும், பிள்ளைகள் காரணத்தை எழுதிவிடுகிறார்கள். 'எந்த_விலைக்கு' என்று முழுதாகக் கேட்கச் சொல்கிறோம். அந்தத் துணிக்கடை வரி இப்போது இப்படி இருந்திருக்கும்: கழிவுத்தொகை(எந்த_விலைக்கு: 240, எத்தனை_விழுக்காடு: 10). எத்தனை விழுக்காடு என்ற கேள்விக்குப் பக்கத்தில் 240 நின்றால் எழுதுகிற கையே நின்றுவிடும்.

அண்ணனுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் பாதிப் பேர் கைப்பேசியில்தான் தமிழ் தட்டுகிறார்கள், நீளமான பெயர் என்றால் நேரம் போகிறது. விழுக்காட்டைத் தனி வகையாக்கி 10% என்று எழுத வைத்தால் பெயரே இல்லாமல் மாற்றிப் போடுவதைப் பிடித்துவிடலாமே என்றார். பிடிக்கலாம், எஃப் ஷார்ப் மொழியில் எண்ணோடு அலகையே ஒட்டிவைக்க முடிகிறது, மீட்டரையும் நொடியையும் கூட்டினால் மொழிபெயர்ப்பியே மறுத்துவிடும். ஆனால் கழியில் இரண்டும் வெள்ளி, சேமிப்பிலிருந்து செலவுக்கு மாற்றினால் இரண்டும் கணக்கு. ஒரே வகை இரண்டு வந்தால் வகை கைவிட்டுவிடும், பெயர் கைவிடாது. கடைசியில் ஒரு பாராமீட்டர் மட்டும் உள்ள ஃபங்ஷனுக்குப் பெயர் வேண்டாம், இரண்டும் அதற்கு மேலும் என்றால் எல்லாவற்றுக்கும் கட்டாயம், எடிட்டர் பெயர்களைத் தானே நிரப்பித் தரும் என்று ஒத்துக்கொண்டோம். 10% என்று எழுதும் வசதி அடுத்த பதிப்புக்கு.

டீஃபால்ட் மதிப்பை, அதாவது அழைப்பவர் எதுவும் கொடுக்காவிட்டால் ஃபங்ஷன் தானே எடுத்துக்கொள்ளும் மதிப்பை, பற்றி ஒரு வார்த்தை, இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பைத்தானில் டீஃபால்ட் மதிப்பு ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறை கணக்கிடப்படுகிறது, அங்கே வெறும் பட்டியலை வைத்தால் எல்லா அழைப்பும் அதே பட்டியலில் போய்ச் சேரும். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகக் கணக்கிடுவார்கள். சி ஷார்ப்பில் 2010இல் வந்த வசதி மூன்றாவது விதம்: அழைக்கிற நிரலைத் தொகுக்கும்போதே (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும்போதே) மதிப்பு அதற்குள் பதிந்துவிடும், நூலகத்தில் மதிப்பை மாற்றினாலும் அழைத்தவர் மறுபடி தொகுக்கும்வரை பழைய எண்தான். இதை நம் ஊர் வரியோடு பொருத்திப் பாருங்கள். 2015 ஏப்ரல் 1இல் ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி 6 விழுக்காடு. 2018 ஜூன் 1இல் பூஜ்யம். அதே ஆண்டு செப்டம்பர் 1இல் எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது, சேவை வரி மறுபடி 6. 2024 மார்ச் 1இலிருந்து சேவை வரி 8, ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு 6ஏ நீடித்தது. 'விழுக்காடு = 6' என்று டீஃபால்ட் வைத்த ஃபங்ஷன் ஒன்று 2015இல் பிறந்திருந்தால் இத்தனை முறை மாறியிருக்க வேண்டும், கடைசி முறை பாதி இடத்தில் மாற வேண்டும், பாதி இடத்தில் மாறக் கூடாது. அழைத்த இடத்தில் எண்ணே எழுதப்படாததால் எந்தப் பாதி என்று தேடவும் முடியாது. கோ மொழியிலும் ரஸ்டிலும் டீஃபால்ட் பாராமீட்டர் கிடையாது, அது குறை என்று நிறையப் பேர் சொல்வார்கள், எனக்கு அது நிம்மதி. எங்கள் மொழியிலும் கிடையாது. அடிக்கடி ஒரே மதிப்பு வேண்டுமா, உணவக_வரி என்று பெயர் வைத்து இன்னொரு ஃபங்ஷன் எழுது, அந்தப் பெயரைத் தேடலாம்.

இனி சோதிக்கும் விஷயம். இங்கேயும் சில்லறைக் காசிலிருந்துதான் எங்களுக்கு வெளிச்சம் வந்தது.

ஒரு வெள்ளிக்கு நூறு சென். 2008 ஏப்ரல் 1இலிருந்து ஒரு சென் நாணயம் நடைமுறையில் போய், பில்லின் மொத்தத்தைக் கிட்டிய ஐந்து சென்னுக்கு மாற்றுகிறோம். கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0. 3, 4 என்றால் 5. 6, 7 என்றால் 5. 8, 9 என்றால் அடுத்த 10. பிள்ளைகள் எல்லாரும் கடையில் பார்த்தது, அதனால் நல்ல பயிற்சி. அண்ணன் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: 'வரியோடு சேர்த்த மொத்தத்தைக் கிட்டிய ஐந்து சென்னுக்கு மாற்று.' இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆளுக்கொரு நிரல் எழுதினோம். அக்கா கொடுத்த முதல் எண் 6.25 வெள்ளி, 6 விழுக்காடு வரி. வரியோடு 6.625. எனக்கு 6.65 வந்தது, அண்ணனுக்கு 6.60 வந்தது. நான் அரைச் சென்னை மேலே ஏற்றி 6.63 ஆக்கிவிட்டுப் பிறகு ஐந்துக்கு மாற்றினேன். அவர் பைத்தானின் ரவுண்டைப் பயன்படுத்தியிருந்தார், அது சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை பக்கம் கொண்டுபோகும், 662.5 சென் 662 ஆனது, அங்கிருந்து 660. இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் படித்தோம், இரண்டு பேரும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் எழுதினோம், விடையில் ஐந்து சென் வித்தியாசம்.

வரையறையை வசனத்தில் எழுதி டெஸ்ட்டைத் தனியாக வைப்பது இப்படித்தான் சறுக்கும். பெரிய மொழிகள் அப்படி வைத்திருக்கின்றன, ஜாவாஸ்கிரிப்டின் தர ஆவணம் ஒரு பக்கம், டெஸ்ட்262 என்ற பெரிய சோதனைத் தொகுப்பு இன்னொரு பக்கம். அவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஆள் இருக்கிறது. மூன்று பேருக்கு அது ஆகாது. நேர் எதிர்ப்பக்கம் ராகு மொழி, அங்கே ரோஸ்ட் என்ற டெஸ்ட் தொகுப்புதான் மொழியின் வரையறையே. இரண்டுக்கும் நடுவில் காமன்மார்க், உரையை எளிய குறிகளால் வடிவமைக்கும் மார்க்டவுனுக்கு 2014இல் வந்த வரையறை, எனக்கு மனதுக்கு நெருக்கமானது. மனிதர் படிக்கும் ஆவணம்தான், ஆனால் உள்ளே அறுநூறுக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள், ஒரு ஸ்கிரிப்ட் அவற்றை உருவி எடுத்து ஓட்டிப் பார்க்கிறது. விளக்கமும் சோதனையும் ஒரே தாளில் இருக்கும்.

நிரலுக்குள்ளேயே எடுத்துக்காட்டு வைப்பதும் பழைய வழக்கம். பைத்தானில் டாக்டெஸ்ட் 2001இலிருந்து இருக்கிறது, ரஸ்டில் ஆவணக் குறிப்புக்குள் எழுதும் நிரலைக் கார்கோ என்ற கருவி ஓட்டிப் பார்க்கும், கோவில் எடுத்துக்காட்டு ஃபங்ஷனின் கீழே எதிர்பார்க்கும் வெளியீட்டைக் குறிப்பாக எழுதினால் அதைச் சரிபார்க்கும். வகுப்பறைக்காகவே செய்த பைரெட் மொழியில் ஃபங்ஷனின் அடியில் எடுத்துக்காட்டுக்கென்று ஒரு தனிப் பகுதியே உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது பைரெட்டின் வழி, ஒரு கண்டிப்போடு: எடுத்துக்காட்டு இல்லாத ஃபங்ஷனை மொழி ஏற்றுக்கொள்ளாது.

ஐஃபெல் மொழியில் 1986இலிருந்து இருக்கும் ஒப்பந்த முறையையும் பார்த்தோம், உள்ளே வரும்போது இது உண்மையாக இருக்க வேண்டும், வெளியே போகும்போது அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஃபங்ஷனிலேயே எழுதுவது. அது அழைக்கிற இடத்தின் தப்பையும் பிடிக்கும், எடுத்துக்காட்டால் முடியாதது அது. தீபாவளி வாரத்தில் பிடித்ததும் அந்த மாதிரி ஒரு வரிதான். முதல் நாளிலிருந்தே அந்த வரி இருந்திருந்தால் முதல் புடவையிலேயே தெரிந்திருக்கும். ஆனால் தெரிவது ஓடும்போது, கல்லாவில், ஆள் நிற்கும்போது. பெயர் வைத்தால் எழுதும்போதே தெரிகிறது. அதனால் ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம், வேண்டாம் என்று சொல்லவில்லை.

எடுத்துக்காட்டு நான்கைந்து புள்ளியைத்தான் தொடும், நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது என்ற குறைக்கு, 2000இல் ஹாஸ்கல் மொழிக்கு வந்த குவிக்செக் என்ற சோதனைக் கருவியின் வழி இருக்கிறது. எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய ஒன்றைச் சொல், கணினி தானாக நூறு உள்ளீடு உருவாக்கிப் பார்க்கும். பிள்ளைகளுக்குக் கடினம் என்று நினைத்தேன். படிவம் இரண்டில் படிக்கும் ஒரு பெண், சென் திருத்தத்துக்கு என்ன எப்போதும் உண்மை என்று கேட்டதும், "விடை அஞ்சால வகுபடும் சார், அப்புறம் ரெண்டு சென்னுக்கு மேல மாறாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது: முழுச் சென்களுக்கு அந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்தால் வேறு விடைக்கே இடமில்லை. எந்த முழு எண்ணை எடுத்தாலும் இரண்டு சென் தூரத்துக்குள் ஐந்தின் மடங்கு சரியாக ஒன்றுதான் இருக்கும். ஐந்து ஒற்றைப்படை என்பதால் சரிபாதி என்பதே வராது. அவள் சொன்னது முழு வரையறை. அதனால் 'எப்போதும்' என்ற பகுதியையும் மொழியில் சேர்த்தோம், கட்டாயமில்லாமல்:

    செயல் சென்_திருத்தம்(தொகை)
        ...
    எடுத்துக்காட்டு
        சென்_திருத்தம்(1232) = 1230
        சென்_திருத்தம்(1233) = 1235
        சென்_திருத்தம்(1237) = 1235
        சென்_திருத்தம்(1238) = 1240
    எப்போதும்
        விடை 5ஆல் வகுபடும்
        விடைக்கும் தொகைக்கும் வித்தியாசம் 2ஐத் தாண்டாது
    முடி

தொகைகள் எல்லாம் சென்னில், முழு எண்ணாக. அரைச் சென் தகராறு வரி கணக்கிடும் ஃபங்ஷனுக்குப் போய்விட்டது, அதுதான் அதற்குரிய இடம். அங்கே எந்த 'எப்போதும்' வாக்கியமும் எங்களுக்கு உதவவில்லை, மேலேயா இரட்டைப்படைக்கா என்பது நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது, தேர்ந்ததை எண்ணோடு எழுதி வைக்க வேண்டியது.

எடுத்துக்காட்டும் ஓர் அழைப்புதான், பாராமீட்டரின் வடிவத்தை முதலில் பயன்படுத்திப் பார்ப்பது அதுதான். எடுத்துக்காட்டை வாய்விட்டுப் படிக்கும்போது தடுக்கினால் பெயரை மாற்றுகிறோம், இப்படி நான்கு ஃபங்ஷன்களின் கேள்விகளை மாற்றியிருக்கிறோம். மறுபக்கம், பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஃபங்ஷனின் உடலுக்குள் பிள்ளை 'பகுதி - மொத்தம்' என்று திருப்பி எழுதலாம், அதைப் பிடிக்க எடுத்துக்காட்டு வேண்டும், அதுவும் நல்ல எடுத்துக்காட்டு. கழி(எதிலிருந்து: 10, எதை: 10) = 0 என்று எழுதினால் திருப்பி எழுதினாலும் தேறும். அதனால் மொழி ஒரு வேலை செய்கிறது: ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் ஒரே வகை மதிப்புகளை இடம் மாற்றிக் கொடுத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்கும். எந்த எடுத்துக்காட்டிலும் விடை மாறவில்லை என்றால், 'இந்த எடுத்துக்காட்டுகளால் இரண்டையும் பிரித்தறிய முடியாது, வேறு எண் கொடுத்துப் பார்' என்று சொல்லும். இதை முதலில் ஓட்டியது கழிவுத்தொகையில்தான். எத்தனை எண்ணைக் கொடுத்தாலும் எச்சரிக்கை போகவில்லை, போகாது, பெருக்கல் அது. அந்த ஃபங்ஷனுக்கு இருக்கும் ஒரே காவல் வெளிப்பெயர்தான் என்று மொழியே சொல்லிவிட்டது. அந்த எச்சரிக்கையை 'இடம் மாற்றினாலும் ஒன்றே' என்று ஒரு வரி எழுதி அடக்கலாம். பெருக்கல், கூட்டல், பெரியது கண்டுபிடிப்பது எல்லாவற்றுக்கும் அது தேவைப்படுகிறது.

இப்போது பழைய பயிற்சி நிரல்களைப் புது வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். வரிப் பயிற்சியில் எடுத்துக்காட்டின் முதல் வரியாக அக்கா எழுதி வைத்திருப்பது இது, அரைச் சென் மேலே போகும் என்று நாங்கள் மூவரும் ஒத்துக்கொண்ட அன்று எழுதியது:

    மொத்தம்(எந்த_விலைக்கு: 625, எத்தனை_விழுக்காடு: 6) = 665